கெட்டுப்போகத் தெரிந்த எண்ணெய்

எங்கள் தெருவுக்குக் கடையில் வாங்கிய கிரிக்கெட் மட்டை முதன்முதலாக வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதுவரை தென்னை மட்டைதான் எங்களுக்குப் பேட். புது மட்டைக்கு எண்ணெய் காட்ட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய். தாராளமாகத் தடவித் திண்ணையில் சாய்த்து வைத்தோம். மறுநாள் காலையில் மட்டை முழுக்க எறும்பு. மூன்றாம் நாளும் பிசுபிசுப்பு போகவில்லை. தெருப்புழுதி எல்லாம் அதில் ஒட்டி, மட்டை மண்ணில் புரட்டிய பணியாரம் போலக் கிடந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் வேலைக்கு வந்திருந்த தச்சர் ஒருவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்துச் சிரித்தார். “தம்பி, இது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். கட்டைக்குத் தேய்க்கிறது வேற” என்றார். மட்டையைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தன் பையிலிருந்த அழுக்குப் பாட்டிலிலிருந்து மஞ்சளாக நாலு சொட்டு விட்டார். பழந்துணியால் ஒரு கை தேய்த்தார். தேய்த்ததையே மறுபடி துடைத்து எடுத்தார். வேலை முடிந்ததும், “துணியைச் சுருட்டிப் போட்டுடாதே, கொடியில விரிச்சுப் போடு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் விரித்துப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பெயின்ட் கடைகளில் ‘லின்சீட் ஆயில்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் அந்தப் பாட்டிலில் இருந்தது. நம் பெயரில் சொன்னால் ஆளி விதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் போன்றவற்றுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று: இது காய்ந்துவிடும். தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உள்ளே இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, மெல்லிய தோலாக இறுகிவிடும். காய்ந்த பிறகு எடை குறையாது, கூடும். இந்தக் குணத்தை அளக்க வேதியியலார் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை இழுக்கிறது என்பது கணக்கு. தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டி நிற்கும். நல்லெண்ணெய் 100-ஐக் கொஞ்சம் தாண்டும். ஆளி எண்ணெய் 170-க்கும் மேலே போகும். சமையல்காரர் கண்ணில் இது குறை. சட்டென்று சிக்கு வாடை அடிக்கும், கெட்டுப்போகும். இந்தக் குறையை வைத்தே ஆளி எண்ணெய் உலகம் சுற்றி வந்திருக்கிறது.

ஆளிச்செடி முதலில் மனிதனிடம் வந்தது எண்ணெய்க்காக அல்ல, நாருக்காக. ஜார்ஜியா நாட்டின் ட்சுட்ஸுவானா குகையில், ஏறத்தாழ 30,000 ஆண்டுப் பழமையுள்ள காட்டு ஆளி நார்களை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2009-இல் அந்தச் செய்தி வெளியானது. சில இழைகளில் சாயம் கூட ஏறியிருந்தது. எகிப்தியர் மம்மிகளைச் சுற்றிய லினன் துணியும் இந்தச் செடியிலிருந்து வந்ததுதான். 1753-இல் லின்னேயஸ் இதற்கு லத்தீனில் வைத்த பெயரின் பின்பாதிக்கு ‘மிகவும் பயன்படுவது’ என்று பொருள். நம் நாட்டு விவசாயிக்கோ நாரில் ஆர்வமில்லை. சமஸ்கிருதத்தில் அதசி, இந்தியில் அல்சி என்று பெயர் பெற்ற இந்தச் செடியை அவர் விதைக்காகவே வளர்த்தார். நாருக்கு வளரும் ஐரோப்பியச் செடி ஒல்லியாக நெடுநெடுவென்று நிற்கும். விதைக்கு வளரும் நம் செடி குட்டையாகக் கிளைத்து நிற்கும்.

எண்ணெய் காயும் என்ற ரகசியத்தை முதலில் யார் கண்டுபிடித்தார்கள்? ஐரோப்பியர் நெடுங்காலம் இதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார்கள். 1550-இல் வசாரி எழுதிய ஓவியர் வரலாற்றில் அந்தக் கதை வருகிறது. பிளாண்டர்ஸ் நாட்டு யான் வான் எய்க் பலகையில் ஓர் ஓவியம் வரைந்து, வார்னிஷ் பூசி வெயிலில் வைத்தாராம். சூட்டில் பலகை மூட்டு விட்டுப் பிளந்துவிட்டதாம். வெயில் இல்லாமலே காயும் ஒன்றைத் தேடிப் பல எண்ணெய்களைச் சோதித்து, ஆளி எண்ணெயையும் வால்நட் எண்ணெயையும் பிடித்தாராம். அந்தச் சூத்திரத்தை அறிய இத்தாலியிலிருந்து அன்டோனெல்லோ என்ற ஓவியர் பிளாண்டர்ஸுக்கே போய், தெரிந்துகொண்டு வெனிஸுக்கு எடுத்து வந்தாராம். விபத்து, ரகசியம், நகல் என்று எல்லாம் உள்ள அருமையான கதை.

1774-இல் அந்தக் கதையை ஒரு நூலகர் உடைத்தார். ஜெர்மன் நாடகாசிரியர் லெஸ்ஸிங் அப்போது வோல்ஃபன்பியூட்டல் நூலகத்தில் வேலையில் இருந்தார். அங்கே தெயோஃபிலஸ் என்ற துறவி 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய கைத்தொழில் நூலின் பிரதி ஒன்று அவர் கையில் கிடைத்தது. வான் எய்க்குக்கு முந்நூறு ஆண்டு முன்பே எழுதிய அந்த நூலில், கதவுக்குச் சிவப்பு அடிக்கும் முறை படிப்படியாக இருக்கிறது. ஆளி விதையைத் தண்ணீர் விடாமல் சட்டியில் வறு. உரலில் இடித்துப் பொடியாக்கு. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி சூடாக்கு. புதுத் துணியில் கட்டிச் செக்கில் பிழி. வந்த எண்ணெயில் சிவப்பு நிறப்பொடியை அரைத்து, கதவில் தடவி, வெயிலில் காய வை. காய்ந்ததும் இன்னொரு பூச்சு கொடு. இது உருவப்படத்துக்குச் சரிவராது, ஒவ்வொரு நிறமும் காயக் காத்திருந்தே பொழுது போய்விடும் என்று துறவி அலுத்தும் கொள்கிறார். பெயின்டர் எப்போது முடிப்பார் என்று காத்திருக்கும் நம் அலுப்புக்கு எண்ணூறு ஆண்டுக்கும் மேல் வயது.

துறவிக்கும் முன்னோடிகள் இருந்தார்கள். ஆப்கானிஸ்தானின் பாமியான் மலையில் தாலிபான்கள் 2001-இல் தகர்த்த புத்தர் சிலைகள் நமக்குத் தெரியும். அந்தச் சிலைகளுக்குப் பின்னால் இருக்கும் குகைகளில் ஓவியங்களும் உண்டு. அவற்றின் துகள்களை ஆராய்ந்தவர்கள், 50 குகைகளில் 12-இல் எண்ணெய் கலந்த வண்ணம் இருந்தது என்று 2008-இல் அறிவித்தார்கள். காலம் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. எண்ணெய் ஆளி அல்ல, அநேகமாக வால்நட்டும் கசகசாவும். ஆனால் அவையும் காயும் எண்ணெய்களே. பட்டுப்பாதையில் போய்வந்த யாரோ ஓர் ஓவியர் கையில் இந்த வித்தை அப்போதே இருந்திருக்கிறது. ஐரோப்பிய ஓவியர்களின் பேரும் புகழும் அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தவை.

ஓவியரிடமிருந்து எண்ணெய் அச்சகத்துக்கு நடந்தது. ஏட்டில் எழுதும் தண்ணீர் மை உலோக எழுத்தில் ஒட்டாமல் முத்துமுத்தாக உருண்டுவிடும். 1450-ஐ ஒட்டி கூட்டன்பர்க் அச்சடிக்க எண்ணெய் மை தேவைப்பட்டது. அவருக்குப் பின் ஐரோப்பிய அச்சாளர்கள் ஆளி எண்ணெயைக் காய்ச்சிக் கெட்டியாக்கி, விளக்குக் கரியைக் குழைத்து, நூற்றாண்டுக் கணக்கில் அதிலேயே புத்தகம் போட்டார்கள். சீக்கிரம் காய்வதற்குக் காய்ச்சும்போது ஈயக் கலவை சேர்ப்பதும் அந்தக் காலத்து வழக்கம். நம் நாட்டு மருந்துக் கடைகளில் மிருதார்சிங்கி என்று விற்ற அதே ஈயச் சரக்கு. இன்று கடையில் ‘டபுள் பாயில்ட்’ என்று எழுதிய டப்பாவில் பெரும்பாலும் கொதித்த கதை குறைவு. கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளே அந்த வேலையைப் பார்க்கின்றன. பெயர் மட்டும் பழைய அடுப்பின் ஞாபகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தாலியின் கிரெமோனாவில் ஸ்ட்ராடிவாரி வயலின் செய்துகொண்டிருந்த காலத்தில், தச்சரின் எண்ணெயும் ஓவியரின் எண்ணெயும் ஒன்றாக இருந்தது. அவருடைய வயலின்களின் மெருகில் ஏதோ மாயம் இருக்கிறது என்று பலர் பல ரகசியங்களைச் சொன்னார்கள். பிரான்ஸ், ஜெர்மனி ஆய்வாளர்கள் பாரிஸ் இசை அருங்காட்சியகத்திலுள்ள ஐந்து கருவிகளின் பூச்சை நான்கு ஆண்டு ஆராய்ந்து 2009-இல் முடிவு சொன்னார்கள். மரத்தில் ஊறிய முதல் பூச்சு, அந்தக் காலத்து ஓவியர்கள் எல்லோரும் வைத்திருந்த சாதாரணக் காயும் எண்ணெய். அதன்மேல் பிசினும் நிறமும் கலந்த இன்னொரு பூச்சு. எங்கள் தச்சர் மட்டைக்குச் செய்ததும் அந்த முதல் பூச்சு வரை ஸ்ட்ராடிவாரி செய்ததும் அடிப்படையில் ஒரே வேலை.

மரத்துக்கு இவ்வளவு பொருந்தும் எண்ணெயைத் தோலுக்கும் தடவலாமே என்று தோன்றும். பலர் தடவிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். தோல் வளையவேண்டிய பொருள். அதற்கு எண்ணெய் எண்ணெயாகவே உள்ளே இருக்க வேண்டும். அதனால்தான் செருப்புக்கும் சேணத்துக்கும் விளக்கெண்ணெய், மாட்டுக்கால் எண்ணெய், கொழுப்பு என்று காயாதவற்றையே தேடினார்கள். ஆளி எண்ணெய் தோலுக்குள் ஊறி இறுகினால் வார் விறைத்து வெடிக்கும்.

இறுகுவதே வேண்டும் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். தோலுக்குள் ஊறவிடாமல் மேலே மட்டும் பூச்சுப் பூச்சாகக் காயவிட்டால் கண்ணாடிப் பளபளப்பு வரும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அமெரிக்காவின் நுவார்க் நகரில் சேத் பாய்டன் என்ற கைவினைஞர் கையில் ஜெர்மனியில் செய்த ராணுவத் தொப்பியின் பளபளக்கும் தோல் முனை ஒன்று கிடைத்தது என்றும், அதைப் பார்த்துப் பார்த்தே ஆளி எண்ணெய்ப் பூச்சை அவர் தாமாகச் செய்து கண்டார் என்றும் சொல்வார்கள். 1819-இல் அவருடைய பட்டறையில் உற்பத்தி தொடங்கியது. பெயர் பேட்டன்ட் லெதர். ஆனால் பாய்டன் அதற்குப் பேட்டன்ட் வாங்கவில்லை. நகலெடுத்துக் கற்றவர், பிறர் நகலெடுப்பதையும் தடுக்கவில்லை.

லண்டன் துப்பாக்கிப் பட்டறைகளில் எண்ணெய்க்கு வேறொரு துணை கிடைத்தது. வால்நட் மரத்துத் துப்பாக்கிக் கட்டைக்குச் செம்மை ஏற அல்கானெட் என்ற வேரை ஆளி எண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தார்கள். அதே தாவரக் குடும்பத்து வேர் நம் நாட்டில் ரத்தன்ஜோத். காஷ்மீரத்துச் சமையலில் ரோகன் ஜோஷுக்குச் சிவப்பு கொடுக்க அதைப் போடுகிறவர்கள் உண்டு. ரோகன் என்ற பாரசீகச் சொல்லுக்கே எண்ணெய் என்றுதான் பொருள். குஜராத்தின் கட்ச் பகுதியில் நிரோணா கிராமத்துக் கத்ரி குடும்பத்தார் வரையும் துணி ஓவியத்துக்கும் ரோகன் என்று பெயர். அங்கே காய்ச்சுவது விளக்கெண்ணெயை. இயல்பில் காயாத எண்ணெயையும் நாள் கணக்கில் நெருப்பில் வைத்துப் பிசினாக்கி, காயும் எண்ணெயாக மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். 2014-இல் இந்தியப் பிரதமர் ஒபாமாவுக்குப் பரிசளித்த உயிர்மர ஓவியம் அந்த ஊர் வேலைதான்.

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் தொழிற்சாலைகளுக்கு ஆளி எண்ணெய் எவ்வளவு வந்தாலும் போதவில்லை. ரஷ்யாவிலிருந்தும், கல்கத்தா, பம்பாய் துறைமுகங்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக விதை கப்பலேறியது. ஹல் நகரின் செக்காலைகள் அதைப் பிழிந்தன. நாருக்காகவும் இங்கே ஆளி பயிரிட வைக்கலாம் என்று ஆங்கிலேயர் முயன்றார்கள். நம் விவசாயி விதையை விற்றுக் காசு பார்த்தார். நாரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1855-இல் பிரடெரிக் வால்டன் என்ற இளைஞர் ஒரு பெயின்ட் டப்பாவைத் திறந்தார். மேலே ஆடை படிந்திருந்தது. நாமாக இருந்தால் குச்சியால் எடுத்து எறிவோம். அவர் அதை விரலில் எடுத்து இழுத்துப் பார்த்தார். ரப்பர் போல நீண்டது. ரப்பருக்கு மாற்றாகுமே என்று தொடங்கிய யோசனை, காய்ந்த ஆளி எண்ணெயோடு தக்கைத் தூளும் பிசினும் கலந்து துணிமேல் பரப்பிய தரைவிரிப்பில் முடிந்தது. 1863-இல் காப்புரிமை. அப்போது சந்தையில் காம்ப்டுலிகான் என்றொரு ரப்பர் விரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. வால்டன் தம் சரக்குக்கு முதலில் வைத்த பெயர் காம்ப்டிகான்! ஓடும் பெயரை ஒட்டிப் பெயர் வைப்பது நம் ஊர்க் கடைவீதிகளில் மட்டும் நடப்பதல்ல. பிறகுதான் லத்தீனில் ஆளிக்கும் எண்ணெய்க்கும் உள்ள சொற்களைச் சேர்த்து லினோலியம் ஆக்கினார்.

காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஸ்காட்லாந்தின் கர்க்கால்டி ஊரில் நெய்ர்ன் நிறுவனம் அதே சரக்கை அதே பெயரில் இறக்கியது. வால்டன் தரப்பு வழக்குப் போட்டு 1878-இல் தோற்றது. அந்தப் பெயரை வணிகச் சின்னமாக அவர் பதிந்து வைக்கவில்லை. அந்தப் பொருளைச் சொல்ல வேறு சொல்லே இல்லை என்றானபின் அது எல்லோர்க்கும் பொது என்றது நீதிமன்றம். அடுத்தவன் பெயரை உரசித் தொடங்கியவருக்குச் சொந்தப் பெயர் கைநழுவியது. கர்க்கால்டிக்குள் ரயில் நுழையும்போதே ஆளி எண்ணெய் வாடை வருமாம். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வால்டனின் ஆலை இருந்த ஊருக்கு லினோலியம்வில் என்றே பெயர் இருந்தது. ஊரார் 1930-இல் வாக்கெடுத்து அதை ட்ராவிஸ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

மரவேலைக்காரர்கள் இதற்குள் எண்ணெயை வீட்டுச் சரக்காகவே ஆக்கிக்கொண்டிருந்தார்கள். தேன்மெழுகை உருக்கிக் கலந்தால் மெருகு. டர்பன்டைன் கலந்தால் உள்ளே ஊறும். சாக் பவுடர் பிசைந்தால் ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கு. அமெரிக்க மரவெட்டிகள் ஹிக்கரி மரத்துக் கோடாலிக் காம்புக்கு ஒரு கணக்கே சொல்வார்கள்: முதல் வாரம் தினம் ஒரு கை, அடுத்து ஒரு மாதம் வாரத்துக்கு ஒரு கை, பிறகு ஒரு வருடம் மாதத்துக்கு ஒரு கை, அதன்பின் ஆயுளுக்கும் வருடத்துக்கு ஒரு கை. சொந்தக் குலத்தையே அழிப்பவனை நாம் கோடாலிக் காம்பு என்று திட்டுவோம். அவர்களோ காம்புக்குப் பிள்ளைக்குப் பார்ப்பது போல எண்ணெய்க் குளியல் முறை வகுத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கிரிக்கெட் மட்டையில் எண்ணெய் படக்கூடாத இடம் பிடிதான். பிடியும் பலகையும் சேரும் இடம் பசையில் நிற்கிறது. எண்ணெய் இறங்கினால் பசை விட்டுவிடும்.

ஆளி எண்ணெய்க்குப் போட்டி சீனாவிலிருந்து வந்தது. டுங் மரத்து எண்ணெய் இன்னும் வேகமாகக் காயும், தண்ணீரை இன்னும் நன்றாகத் தடுக்கும். சீனர்கள் மர எண்ணெயும் சுண்ணாம்பும் சணலும் குழைத்துக் கப்பல் இடுக்கை அடைத்ததை மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். 1938-இன் முடிவில், ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு அமெரிக்கா இரண்டரைக் கோடி டாலர் கடன் அறிவித்தது. திருப்பிக் கட்டவேண்டியது பணமாக அல்ல, டுங் எண்ணெயாக. கதவுக்குத் தேய்க்கும் எண்ணெயை அடகு வைத்து ஒரு நாடு போருக்கு லாரி வாங்கியது. உலகப் போருக்குப் பின் தண்ணீரில் கலக்கும் பிளாஸ்டிக் பெயின்ட் வந்தது. ஒரு மணி நேரத்தில் காய்ந்து, வாடையும் இல்லாத அதன் முன்னால் பழைய எண்ணெய்கள் பெயின்ட் கடையின் கடைசித் தட்டுக்குப் போயின.

தட்டுக்குப் போனாலும் ஆளி எண்ணெயின் குணம் மாறவில்லை. 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம். 22-ஆம் மாடியில் மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் ஆளி எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். தீக்குச்சி யாரும் கிழிக்கவில்லை. எண்ணெய் ஆக்ஸிஜனை இழுக்கும்போதெல்லாம் கொஞ்சம் சூடு விடும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். குவியலிலோ வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் எரிந்த அந்தத் தீயில் மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 30-ஆம் மாடியில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்ததால் தீ அதற்கு மேல் ஏறவில்லை. இதைப் படித்த அன்று, கொடியில் விரிக்கச் சொன்ன தச்சரின் குரல் என் காதில் கேட்டது.

இப்போது அந்த விதை வேறு வேஷத்தில் நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் ‘ஃப்ளாக்ஸ் சீட்’ என்று பொட்டலம் போட்டு, ஒமேகா-3 நிறைந்தது, இதயத்துக்கு நல்லது என்று விற்கிறார்கள். அந்த ஒமேகா-3-இன் பெயர் லினோலெனிக் அமிலம். பெயரிலேயே ஆளி இருக்கிறது. வான் எய்க்கின் வண்ணத்தை இறுக்கியதும், வால்டனின் டப்பாவில் ஆடையாய்ப் படிந்ததும், பிலடெல்பியாவில் துணியைப் பற்றவைத்ததும் முக்கியமாக அதே அமிலம்தான்.

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். டாக்டர் சொன்னாரென்று வாங்கிய ஆளி எண்ணெய்ப் பாட்டிலைக் குப்பைக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். “பெயின்ட் வாடை அடிக்குதுப்பா, கெட்டுப் போச்சு” என்றார். வாங்கி முகர்ந்தேன். பன்னிரண்டு வயதில் தச்சரின் பாட்டிலில் அடித்த அதே வாசனை. கொல்லையில் காம்பு வெளுத்துச் சிராய் எழும்பிய மண்வெட்டி சாய்ந்திருந்தது. உப்புத்தாள் போட்டு, நாலு சொட்டு விட்டு, ஒரு கை தேய்த்து, துடைத்தெடுத்தேன். காய்ச்சாத எண்ணெய் என்பதால் காய இரண்டு வாரம் ஆகும். அதுவரை யாரும் அவசரப்பட்டுத் தொடவேண்டாம் என்று அத்தையிடம் சொன்னேன். துணியைக் கொடியில் விரித்துப் போட்டேன்.